கண்ணளவு சாப்பாடு

மீன் தொட்டியில் பட்டினி கிடந்து செத்த மீனை நான் இதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டால் செத்த மீன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேன்ஷன் ரூம், பல் டாக்டரின் வெயிட்டிங் ஹால், ஜவுளிக்கடை கல்லா, மேனேஜர் கேபின்... தொட்டி எங்கே இருந்தாலும் கதை ஒன்றுதான். முதல் நாள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். நாலாம் நாள் கொஞ்சம் அரிசி கழுவின தண்ணீர். எட்டாம் நாள் ஒரு மீன் சாய்ந்து மிதக்கும். பத்தாம் நாள் தொட்டி காலி. பதினைந்தாம் நாள் அதற்குள் பிளாஸ்டிக் பூ வைத்து, "இதுதான் சார் பெஸ்ட், மெயின்டெனன்ஸ் இல்லை" என்பார்கள்.

கொலைகாரர் யார் என்று விசாரித்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மாட்டுவார்கள். எல்லோரிடமும் ஒரே ஆயுதம்தான், அன்பு. அது ஐம்பது ரூபாய் டப்பாவில், சிவப்பும் பச்சையுமாக, குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கிடைக்கிறது.

எனக்குப் பல வருஷமாக இந்தத் தொட்டிப் பைத்தியம் உண்டு. அதனால் ஆபீஸில் யார் வீட்டு மீனுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஃபைல் என் டேபிளுக்கு வந்துவிடும். "சார், ஒரு மீன் ஓரமா நின்னு மூச்சு வாங்குது, என்ன குடுக்கலாம்?" என்பார்கள். நான் முதலில் கேட்கிற கேள்வி, "இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?" பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

போன வருஷம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர், மகள் பிறந்தநாளுக்குக் கொளத்தூர் போய் ஒரு கண்ணாடி பவுலும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி வந்தார். கொளத்தூர் தெரியாதவர்களுக்கு: வடசென்னையில் இருக்கிற வண்ண மீன் சாம்ராஜ்யம். கடைகளில் கலர் கலராக பிளாஸ்டிக் பைகள் தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உயிர் முறைத்துக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்க்கப் போய்க் கையில் பை இல்லாமல் திரும்பி வருகிறவன் சந்நியாசி.

ஒன்பதாம் நாள் நண்பர் என்னிடம் வந்தார். முகம் ஆடிட் வந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணு போயிடுச்சு சார். இன்னொண்ணு மேல வந்து வாயை வாயைத் திறக்குது. பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா."

"சாப்பாடு யார் போடறது?"

"காலையில நான். ஒரு சிட்டிகைதான் சார்."

"அப்புறம்?"

"நான் போட்டது அவளுக்குத் தெரியாது. மத்தியானம் வீட்டுக்காரி போடுவா. சாயங்காலம் பொண்ணு. ராத்திரி என் மாமியார்... 'வாயில்லா ஜீவன், பட்டினியா தூங்கக்கூடாது'ன்னு கொஞ்சம் பிஸ்கட் தூள்..."

ஐந்து லிட்டர் பவுல். நாலு கேட்டரிங் காண்ட்ராக்டர்கள். கல்யாண மண்டபத்தில்கூட இவ்வளவு பந்தி நடக்காது.

●

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள், எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

மீன் உணவு டப்பாவின் பின்னால் படித்தால் புரதம் சுமார் 30 சதவீதம் என்று இருக்கும், சிலதில் 40. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் உணவில் சுமார் 48 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதை யாரும் சாப்பிடாமல் அடியில் கிடந்து அழுகினால், அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வரும். ஐந்து லிட்டர் பவுலில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம். மீனுக்கு ஒரு மில்லிகிராமே ஆபத்து. ஒரு கிராம் என்பது நாலு பேர் இரண்டு நாள் போட்ட சிட்டிகைதான்.

"சரி சார், மீதி வைக்காம முழுசாச் சாப்பிட்டுட்டா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சாப்பிட்டாலும் பாதிப் பிரச்னை அப்படியே இருக்கிறது. நாம் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறோம். மீன் அவ்வளவு சிரமப்படுவதில்லை. அம்மோனியாவாகவே, பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விட்டுவிடுகிறது. அதாவது மூச்சு விடுகிற இடமும் அதுதான், கழிவை விடுகிற இடமும் அதுதான். ஆற்றிலும் குளத்திலும் கவலையில்லை, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஐந்து லிட்டரில் எங்கே போகும்?

இதில் ஒரு விஷமம் என்னவென்றால், அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்; உள்ளே மீனுக்குச் செவுள் எரிந்துகொண்டிருக்கும். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கினால் மிச்ச உணவில் பாக்டீரியா பெருகுகிறது என்று அர்த்தம். பச்சையானால் வெயிலும் உரமும் அதிகமாகிப் பாசி வந்துவிட்டது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் சுத்தம் என்று மட்டும் அர்த்தமில்லை. ஆபீஸில் சிரித்த முகத்தோடு வளைய வருகிற சிலரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைவாசிகளுக்குக் கூடுதலாக இரண்டு தொல்லைகள். ஒன்று, நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் காரத்தன்மையும் கூடியது. காரமும் சூடும் ஏற ஏற அதே அம்மோனியா அதிக விஷமாகிறது. இரண்டு, வெயில். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைதான். மே மாதத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைப் பார்த்து, "பாவம், பசிக்குது" என்று இன்னொரு சிட்டிகை போடுகிறோம். அது கேட்டது காற்று.

●

இந்த அம்மோனியாவைச் சமாளிக்க இயற்கை ஓர் ஆபீஸ் வைத்திருக்கிறது. நம்முடையதைவிட நன்றாக நடக்கிற ஆபீஸ்.

தொட்டியின் சரளைக்கல், கண்ணாடி, ஃபில்டரின் ஸ்பான்ஜ் இவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு இரண்டு வகை பாக்டீரியாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. முதல் செக்‌ஷன் கிளார்க், நைட்ரோசோமோனாஸ் வகையறா. அம்மோனியா என்கிற ஃபைல் வந்ததும் அதை நைட்ரைட் ஆக்கிப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜன் சுமப்பதைக் கெடுத்துவிடும். பக்கத்து சீட்டில் நைட்ரோஸ்பைரா வகையறா. அது நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ரெக்கார்ட் ரூமில் கிடக்கிற பழைய ஃபைல் மாதிரி. கொஞ்சம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. மலையாகக் குவிந்தால்தான் தொல்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றுவது அந்த ரெக்கார்ட் ரூமைக் காலி பண்ணத்தான்.

இந்த பாக்டீரியாக்களை முதன்முதலில் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கய் வினோகிராட்ஸ்கி, 1890-ல். அவர் மண்ணைத்தான் ஆராய்ந்தார். உங்கள் ஹாலில் இருக்கும் தொட்டியிலும் அதே கதைதான்.

சிக்கல் எங்கே என்றால், புதுத் தொட்டியில் இந்த ஸ்டாஃப் யாரும் இல்லை. போஸ்ட் எல்லாம் வேக்கண்ட். தானாக வந்து சேர்ந்து, பெருகி, முழு பலத்தில் வேலை பார்க்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நாமோ முதல் நாளே ஆறு மீனை விட்டு, மூன்று வேளை சாப்பாடும் போட்டு ஃபைலைக் குவிக்கிறோம். இரண்டாவது வாரம் எல்லா மீனும் போய்விடும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்போம்.

ஆறு வாரம் பொறுத்து ஆபீஸ் நடக்க ஆரம்பித்ததும் அடுத்த உற்பாதம். ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் ஃபில்டரைக் கழற்றி, ஸ்பான்ஜைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கி, சரளையைக் கொதிநீரில் அலசி, பளபளவென்று திரும்ப வைப்பார்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமியைக் கொல்வதற்காகவே போடப்படுவது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது விசாரித்துக்கொண்டிருக்காது. மொத்த ஸ்டாஃபும் ஒரே நாளில் டிஸ்மிஸ். மறுபடி ஆறு வாரம்.

ஸ்பான்ஜைக் கழுவ வேண்டுமா? தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். கொஞ்சம் பழுப்பாக, வழவழவென்று இருக்கட்டும். அந்த வழவழப்புதான் ஸ்டாஃப்.

●

இதை முதலில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியல்காரர். 1849-ல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும், வாலிஸ்னேரியா என்கிற ரிப்பன் மாதிரி நீர்ச்செடியையும் விட்டார். மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு என்று திட்டம். கொஞ்ச நாள் பிரமாதமாக நடந்தது. அப்புறம் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. மனிதர் தண்ணீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகல் இலையைத் தின்றன, நத்தை முட்டைகளை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். மூன்று வருஷம் கழித்து, 1853-ல், லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம் திறந்துவிட்டார்கள். நம் மெரினாவிலும் 1909-ல் ஒன்று வந்தது. சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது.

வாரிங்டன் கதையைச் சொன்னால் உடனே சிலர், "அப்ப ஒரு டேங்க் கிளீனர் மீன் வாங்கி விட்டுட்டா போதும்ல சார்?" என்பார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கறுப்பாகத் தொங்குமே, அந்த சக்கர் மீன். அது பாசியைக் கொஞ்சம் தின்னும், உண்மைதான். ஆனால் மற்ற மீன் போட்ட கழிவைத் தின்னாது. தானும் தாராளமாகக் கழிவு போடும். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுவார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்றைக்குத் தென்னிந்திய ஏரி, குளங்களில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது. வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடுவது புண்ணியக் கணக்கில் வராது.

●

அன்று சாயங்காலம் நண்பர் வீட்டுக்குப் போனேன். பவுல் பக்கத்திலேயே அந்தப் பெண் முட்டிக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசு. அழுது முடித்த முகம்.

"அங்கிள், நான் சாப்பாடு போட்டதாலதான் செத்துப் போச்சா?"

ஹாலில் இருந்த மூன்று பெரியவர்களும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். மாமியார் ஜன்னலைப் பார்த்தார். நண்பர் காலண்டரைப் பார்த்தார்.

குழந்தையிடம், "இல்லம்மா, அது சாமிகிட்ட போயிடுச்சு" என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னொரு மீன் உயிரோடு இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளுக்கு நிஜம் தெரிந்தாக வேண்டும்.

"நீ மட்டும் போட்டதால இல்லம்மா. எல்லாரும் போட்டாங்க, யாரும் யாருக்கும் சொல்லல. மிச்சத்த யாரும் எடுக்கல. தண்ணி கெட்டுப்போச்சு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப இனிமே ஒருத்தர்தான் போடணுமா?"

முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட எத்தனையோ பேருக்குத் தோன்றாத நிர்வாக ஞானம்.

அன்றே அவளைத் தொட்டி இன்சார்ஜ் ஆக்கினோம். பாதித் தண்ணீரை உடனே மாற்றினோம். மறுநாளும் அதே மாதிரி. இரண்டு நாள் சாப்பாடே கிடையாது. அடுத்த ஞாயிறு இரண்டடித் தொட்டியும் ஸ்பான்ஜ் ஃபில்டரும் வந்தன. அதுவும் புதுத் தொட்டிதான். அதனால் என் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பான்ஜ் ஒன்றை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். ஸ்டாஃபை டெபுடேஷனில் அனுப்புவது என்று இதற்குப் பெயர்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு உருண்டை பவுல் சரிப்படாது. நன்றாக வைத்தால் அரையடிக்கு மேல் வளர்கிற மீன் அது. ரோம் நகரத்தில் 2005-ல் உருண்டை பவுலில் மீன் வளர்க்கவே தடை போட்டார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி என்றால் விளிம்பு வரை 56 லிட்டர். கல், இடைவெளி எல்லாம் போக ஐம்பது. முன்னே சொன்ன அதே ஒரு கிராம் உணவு இங்கே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான். தொட்டி பெரிதாக இருந்தால் நம் தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

●

இனி சாப்பாட்டுச் சட்டங்கள். நண்பர் வீட்டில் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நீங்களும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒன்று, அளவு. ஒரு மீனுக்கு ஒரு வேளைக்கு அதன் கண் அளவு உணவு போதும் என்று தொட்டிக்காரர்கள் சொல்வார்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்தில் தீர்கிற அளவுதான் சரி. தீரவில்லை என்றால் நாளைக்குப் பாதி. கோல்டு ஃபிஷ்ஷுக்கு நம்மைப் போல வயிற்றுப் பை கிடையாது. தொண்டைக்கு அப்புறம் நேராகக் குடல்தான். ஃபுல் மீல்ஸ் கட்டி இரண்டு மணி நேரம் தூங்கும் வசதி அதற்கு இல்லை.

இரண்டு, மிச்சம். அடியில் விழுந்த உணவை அன்றே எடுக்க வேண்டும். இதற்கு என்னிடம் இருக்கிற உபகரணம் பழைய இங்க் ஃபில்லர். கொஞ்சம் பெரிதாக வேண்டுமானால் ஊசி இல்லாத சிரிஞ்சில் சின்ன டியூப் செருகிக்கொள்ளுங்கள்.

மூன்று, விரதம். வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு வேண்டாம். நண்பர் வீட்டில் இதற்கு மாமியார் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். "சனிக்கிழமை வெச்சுக்கலாமா? நானும் பெருமாளுக்கு ஒரு பொழுதுதான்" என்று உடனே சேர்ந்துகொண்டார்.

நான்கு, உயிர் உணவு. கடையில் சிவப்பாக நெளிகிற டியூபிஃபெக்ஸ் புழுவை மீன் போட்டி போட்டுத் தின்னும். அது சாக்கடைச் சேற்றில் வளர்வது. நோயையும் கூடவே கொண்டுவரும். தவிர, தின்னாமல் விட்டால் செத்து நாறும். வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கி எப்போதாவது போடுங்கள். பிஸ்கட், பிரெட், சாதம் வேண்டவே வேண்டாம்.

ஜப்பானில் சிவப்பு வயிற்று நியூட் என்று ஒரு பிராணியைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். ஆனால் தவளைக்குச் சொந்தம். 1994-ல் கொலம்பியா விண்கலத்தில் ஏறி விண்வெளிக்கே போய்வந்த ஜாதி. இது சாப்பிடுவதில் மகா சோம்பேறி. புழுவைப் போட்டால் பார்க்கும், யோசிக்கும், மறுபடி பார்க்கும். அதற்குள் புழு கல்லுக்கடியில் போய் அழுகும். அதனால் வளர்ப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும், இடுக்கியால் மூக்குக்கு முன்னால் நீட்டியோ ஒரு சின்னத் தட்டில் வைத்தோ ஊட்டுகிறார்கள். மிச்சத்தைத் தட்டோடு எடுத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் இதன் உறவினர் டார்ஜிலிங் மலைப்பக்கம் இருக்கிறது. சட்டம் பாதுகாக்கிற பிராணி, ஆசைப்பட வேண்டாம். ஆனால் அந்தத் தட்டு யோசனையைத் தாராளமாகத் திருடலாம். அடியில் மேய்கிற மீன்களுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ண மூடியை உள்ளே வைத்து அதில் உணவு விழும்படி போட்டால், மிச்சத்தைத் தேட வேண்டியதில்லை.

●

தண்ணீர் விஷயம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். வந்து இறங்கிய இடம் வில்லிவாக்கம். மீன் சாம்ராஜ்யமான கொளத்தூருக்குப் பக்கத்து ஊர். குளிக்கவே ஒரு பக்கெட் என்று ரேஷன் போட்டிருந்த அந்த நாட்களில், தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும்போது, தொட்டித் தண்ணீரை மாற்றுகிறேன் என்று சொல்ல எந்த மனுஷனுக்கும் கூச்சமாக இருக்கும்.

அப்போது என் தொட்டியைக் காப்பாற்றியது சிக்கனச் சாப்பாடுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கண்ணளவு உணவு. வாரம் ஒரு குடம் தண்ணீர் எடுத்து, ஒரு குடம் விட்டேன். ஐம்பது லிட்டரில் அது கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், போதும். எடுத்த தண்ணீர் மாடியில் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. நைட்ரேட் என்பது உரம் என்பதால் செடி என்னைவிட வாளிப்பாக இருந்தது. நாலு வேளை போட்டு வாரம் இரண்டு தடவை முழுத் தண்ணீரையும் கொட்டுகிற வீட்டுக்கு நூறு லிட்டர் வேண்டும். சுமார் ஏழு குடம். அவ்வளவு கொட்டியும் அங்கே மீன் நிம்மதியாக இருக்காது. ஒரேயடியாகத் தண்ணீர் மாறினால் சூடும் குணமும் சடக்கென்று மாறும். அதுவே ஓர் அதிர்ச்சி.

தண்ணீர் எடுக்க ஒரு டியூப் போதும். பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்த அனுபவம் இருப்பவர்களுக்கு டெக்னிக் சொல்லித்தர வேண்டாம். ஆனால் வாயால் உறிஞ்சாதீர்கள். டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டியில் விட்டு மற்றதைக் கீழே பக்கெட்டில் விட்டால் ஓடும். முனையைச் சரளைக்கு மேலாக மேயவிட்டால் அழுக்கெல்லாம் வந்துவிடும். புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஹைப்போ என்று வெள்ளைக் கல் கிடைக்கும், ஓரிரு கல் போதும். ஃபிலிம் காலத்தில் ஃபோட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் இருந்த அதே உப்புதான்.

ஒழுங்காக வைத்தால் எத்தனை நாள் இருக்கும் என்கிறீர்களா? இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாக ஜெயித்த டிஷ் என்கிற கோல்டு ஃபிஷ் 1999 வரை இருந்தது. 43 வருஷம். அதைக் கொண்டுவந்த பையன் ரிடையர்மென்ட் பற்றி யோசிக்கிற வயசுக்கு வந்துவிட்டான். நாம் பத்து நாள் பிராணி என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

கடைசியாக, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிற ரூம்வாசிகள் கவனத்துக்கு. நாலைந்து நாள் சாப்பாடு இல்லாவிட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. கிளம்பும் முன்னால் ஒரு குடம் தண்ணீர் மாற்றுங்கள். கரண்ட் போகாத பிளக்காகப் பார்த்து ஏர் பம்ப்பைச் செருகுங்கள். பக்கத்து ரூம்காரரிடம் சாவியை வேண்டுமானால் கொடுங்கள், டப்பாவைக் கொடுக்காதீர்கள். அவர் ரொம்ப நல்லவராக இருந்தால் நிச்சயமாகக் கொடுக்காதீர்கள்.

டப்பாவின் மேல் "தினமும் மூன்று வேளை தாராளமாக" என்று அச்சடித்திருந்தால் அதையும் நம்ப வேண்டாம். அந்த வாசகத்தை எழுதியவர் மீன் வளர்ப்பவர் இல்லை, டப்பா விற்பவர்.